முட்டை அளவு ஆலங்கட்டி

இல்ல தம்பி, அந்த டொக்கு டொக்குச் சத்தம் ஆலங்கட்டி. உக்காருங்க. கதவத் தொடவே கூடாது. இந்த நிலவறைக்குன்னு ஒரு சட்டம் இருக்கு. புயல் சைரன் அடங்கற வரைக்கும் தாழ்ப்பாள்ல யாரும் கை வைக்கப்படாது. போட்டது நான், திறக்கறதும் நான்.

எங்க விட்டேன்? ஆங், உங்க வேன்! அந்த வேன்காரன் சுழல்காத்தக் காட்டறேன்னு உங்கள மாதிரி ஆளுங்கள ஊர் ஊரா கூட்டிட்டுத் திரியறான். நீங்க என் வீட்டுல பாத்ரூம் போன நேரத்துல மேகம் திசை மாறிருச்சாம், உங்கள விட்டுட்டே பறந்துட்டான். மே மாசம் வந்தாப் போதும், இந்த ஓக்லஹோமாவுல கோதுமைய விட கேமராதான் அதிகமா முளைக்குது.

அட, நீங்களாவது வெளியூர். எங்க வீட்டு மனுஷன் இருக்காரே, டெல்மர்... இங்கயே பொறந்து வளந்தவரு. அறுபத்தி மூணு வயசு! சைரன் அடிச்சா பொம்பளைங்க கீழ எறங்குவோம். ஆம்பளைங்க மடக்கு நாற்காலிய எடுத்துக்கிட்டு முற்றத்துக்குப் போவாங்க. பாக்கணுமாம்! எத? சொந்தக் கூரை பறக்கறதையா? போன வருஷம் பக்கத்துப் பண்ணை ஆர்லிஸ் வேலிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கத்தறாரு, "டெல்மர், உன் கோழிக்கூண்டு போகுது!" இவரு, "எந்தப் பக்கம்?"னு கேட்டுப் படம் எடுக்கறாரு.

மறுபடி டொக்கு டொக்குங்குதுல்ல? நல்லாக் கேளுங்க. பட்டாணி அளவுன்னா சடசடன்னு விழும். கோல்ஃப் பந்துன்னா டம்மு டம்முன்னு. இது கோழி முட்டை. வருஷா வருஷம் மார்ச்சுல தீயணைப்பு நிலையத்துல புயல் கவனிக்க வகுப்பு நடத்துவாங்க. ரெண்டு பேரும்தான் போனோம். அவரு பின்னால உக்காந்து டோனட் தின்னாரு, நான் குறிப்பெடுத்தேன். ஃப்ரிட்ஜ் கதவுல தொங்கறது யாரு சான்றிதழ்? அவரோடது! ரெண்டையும் ஒட்ட காந்தம் இல்லையாம்.

பீச் பழம் எடுத்துக்குங்க. நானே பாகு காய்ச்சி ஜாடியில அடைச்சது.

இப்ப அவரு எங்க இருப்பாருன்னு எனக்குத் தெரியும். கூப்பிட்டுப் பாத்தேன், பதிலே இல்ல. முற்றத்துல நாற்காலியும் இல்ல. அந்தக் கரிய மேகத்துக்கு அடியில, பாதி உடம்ப வண்டி ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிப்பாரு. எனக்கொண்ணும் கவலை இல்ல. முப்பத்தெட்டு வருஷம் கவலைப்பட்டாச்சு... அந்த ரேடியோவக் கொஞ்சம் கூட்டுங்க. எங்கயாவது வண்டி கவுந்துச்சுன்னு சொல்றானா?... இல்லையா? சரி. எனக்கென்ன.

ஏன் எந்திரிக்கறீங்க? முட்டை தம்பி, முட்டை! மூணு மூணா விழுதா? ஆமா, காத்து சுழலும்போது அப்படித்தான் விழும். வகுப்புல சொன்னாங்க. சொல்லலைன்னாலும் சொல்லியிருக்கணும்.

யாரோ கத்தற மாதிரியா? அது காத்து. கதவிடுக்குல நுழைஞ்சா ஆள் குரலாட்டம்தான் கேக்கும். போன தடவ எங்க போதகர் மாதிரியே அரை மணி நேரம் பிரசங்கம் பண்ணுச்சு. "ஓலீட்டா"ன்னா கேக்குது? என் பேருதான். அதுக்கென்ன, காத்துக்குச் சுளுவா வர்ற பேரு.

இந்தத் தடவ விடக்கூடாதுன்னுதான் இருந்தேன். காலையில அவரு சவரம் பண்ணிக்கிட்டிருக்கும்போதே பிக்கப் வண்டி சாவிய எடுத்து மாவு டப்பாவுக்குள்ள புதைச்சுட்டேன். உலகத்துலயே டெல்மர் கை வைக்காத ஒரே எடம் அதுதான். எப்படிப் போறாரு பாத்துருவோம்னு...

என்ன கேட்டீங்க? அப்புறம் எப்படிப் போனாருன்னா? எப்படின்னா... வண்டியிலதான்...

...

அய்யோ, கர்த்தாவே!

எந்திரிங்க தம்பி, எந்திரிங்க! அந்த ஜாடியக் கீழ வைங்க! தாழ்ப்பாளப் பிடிச்சு இழுங்க, துரு ஏறிக் கெடக்கு! வந்துட்டேன் டெல்மர்! அங்கயே நில்லுங்க... இல்ல, நிக்காதீங்க, குனிஞ்சுக்குங்க!

வாங்க, வாங்க. படி வழுக்கும். களஞ்சியத்துக்குப் பின்னாலயா உக்காந்திருந்தீங்க? நாற்காலிய வெளிய விடுங்க, இங்கயுமா! கதவச் சாத்துங்க தம்பி. தலையக் காட்டுங்க... எல்லாம் இருக்கா? கை? கால்? அட என் மனுஷா...

தம்பி, இங்க பாருங்க. நெத்தியில புடைச்சிருக்குல்ல? நான் என்ன சொன்னேன்? கோழி முட்டை. அச்சு அசல் கோழி முட்டை!

நீங்க பேசாதீங்க டெல்மர். அத்தனை தட்டு தட்டத் தெரியுது, "நான்தான்"னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா?... சொன்னீங்களா?... எத்தனை தடவ?... தம்பி, இவரு சொன்னாரா?

பின்ன நீங்களாவது சொல்லக்கூடாது? இவ்வளவு நேரமா உம்முன்னு உக்காந்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்!