எல்லாமே ஜனவரி ஒன்று

தளேகாவிலிருந்து வரும் லோக்கல் ரயிலில் எனக்கெதிரே அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் கையில் வெள்ளி நிறம் தேய்ந்த ஒரு பழைய டிஜிட்டல் கேமரா. அவள் சொன்னதைக் கேட்டு நான் பேப்பரை இறக்கினேன்.

“இதுல தீபாவளியும் உன் கல்யாணமும் ஒரே நாள்ல நடந்திருக்குண்ணா.”

“எல்லாப் படத்துலயும் ஜனவரி ஒண்ணுதாம்மா விழும். செல்லைக் கழட்டினா தேதி போயிடும்.”

“யாரு கழட்டறா?”

“அம்மாதான். சுவர்க் கடிகாரம் நின்னுட்டா இதுலேர்ந்து எடுத்துப் போட்டுடுவாங்க.”

அவள் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஒன்றில் நின்றாள்.

“அப்பா தலையைப் பாதி வெட்டி எடுத்திருக்கே. எப்ப எடுத்தது இது?”

“போன வருஷம்... இல்ல, அதுக்கு முந்தியா? தெரியலியே.”

“நான் வாங்கிக் குடுத்த ஸ்வெட்டர்ல இருக்காரு! ஒரு நாள்கூட அதைப் போடலேன்னு காரியத்தன்னிக்கு நீதானே சொன்னே?”

“போடலியேம்மா. நான் பார்க்கவே இல்லியே.”

“அப்போ எப்படி எடுத்தே?”

“நான் எடுக்கல. அம்மாவுக்கும் எடுக்கத் தெரியாது.”

இருவரும் குழம்பிப்போய் அந்தச் சின்னத் திரையின் மேல் குனிந்தார்கள். அண்ணன்தான் முதலில் நிமிர்ந்தான்.

“தோளைப் பாரு. கையை நீட்டி அவரேதான் எடுத்திருக்காரு.”