ஏழாவது கைமரம்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் ஸ்டேஷன் ஓடுகளின் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே நிற்கிற சின்னக் கட்டடம். கட்டி ஐம்பத்தெட்டு வருடம் ஆகிறது. கருங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, வளைவு வைத்த மூன்று வாசல்கள், ஓடுகளைத் தாங்கச் சாய்வாகப் பதினெட்டுத் தேக்குக் கைமரங்கள். பதினோரு வருடமாக நான் அங்கே ஸ்டேஷன் மாஸ்டர். இரண்டு முறை பதவி உயர்வு வந்தது. ஊர் மாற வேண்டும் என்றார்கள், மறுத்துவிட்டேன். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

ஏழாவது கைமரத்தின் உள்ளே கரையான் அரித்திருந்தது. வெளியே பெயிண்ட் மட்டும் நின்றது. தட்டிப் பார்த்ததில் எனக்குத் தெரியும். எழுதிப் போட்டால் கூரையையே மாற்றிவிடுவார்கள் என்று எழுதவில்லை. எழுதாமலே, 1962 ஜூலையில் உத்தரவு வந்தது. ஓடுகளை இறக்கிவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட வேண்டும்.

வேலைக்கு வந்தவன் இலஞ்சிப் பிச்சைமணி. நிதானமான ஆள்.

"ஒரு ஓடுகூட உடையக் கூடாதுலே" என்றேன்.

"இந்தக் கூரைக்கா அண்ணாச்சி தாலி கட்டியிருக்கீய?" என்றான். நானும் சிரித்தேன்.

ஏணியில் ஏறி, கூரையின் விளிம்பைப் பிடித்தபடி கேட்டான்.

"ஓடெல்லாம் வழுக்குது. எங்கன கால வைக்க, அண்ணாச்சி?"

"மேக்க இருந்து ஏழாவது கைமரத்துமேல வைலே. அங்கனதான் நல்லாத் தாங்கும்."

வைத்தான். சத்தம் பெரிதாக இல்லை. உள்ளே கல் தளம்.

ஒருவன் விழுந்தால் வேலை நின்றுவிடும் என்று நினைத்தேன். நின்றது. மறுநாள் தென்காசி ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

ஒரு வாரம் கழித்து அவன் மனைவி முருகம்மாள் ஸ்டேஷனுக்கு வந்தாள். "அந்தக் கட்டடத்தப் பத்தி ஸ்டேஷன் மாஸ்டர் அய்யாவுக்குத்தான் தெரியும், அவியளக் கேட்டுக் கால வையுங்கன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன்" என்றாள்.

அவள் சொன்னதில் தவறில்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

விசாரணையில் நான் எதுவும் சொல்லவில்லை. விபத்து என்று முடித்தீர்கள். இப்போது, ஆபத்தான கட்டடம் என்று முழுவதையும் இடிக்க உத்தரவு போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன், ஐயா. இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடம் ஒருவரையும் காயப்படுத்தியதில்லை. பிச்சைமணியைக் கொன்றது நான். இடிக்கும் உத்தரவை ரத்து செய்ய வேண்டும்.

கைமரம் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். மற்றபடி அங்கே யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை.