தேன் தடவிய விலா

சமையலில் அவசரம் கூடாது என்பது என் கட்சி. பன்றி விலாவை ஓவனில் வைத்துவிட்டு நிமிடத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சூடெல்லாம் போய்விடும். அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி, குறைந்த சூட்டில் வைத்துவிட்டு ஒரு தூக்கம் போட வேண்டும். எழுந்து வந்து தாளைப் பிரித்து, சோயா சாஸ், தேன், இஞ்சி, பூண்டு எல்லாம் சேர்த்துக் குறுக்கியதை மேலே தடவி, சூட்டைக் கூட்டினால் கறி பளபளவென்று சிவக்கும். வேலை நிமித்தம் சிங்கப்பூர் போய்வந்த நாட்களில் பிடித்த ருசி.

நான் பத்ரிநாராயணன். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு மட்டுமே வீடு என்ற விதியைக் கொண்டுவந்தவனும் நானே. என் மனைவி ஸ்ரீலக்ஷ்மி பாட்டு டீச்சர். அவள் பெங்களூருக்குப் பெண் வீட்டுக்குப் போகும்போது மட்டும் அடையாறு பக்கம் போய் விலா வாங்கி வருவேன். தேன் தடவும்போது பூணூல் தட்டில் படாமல் காதில் சுற்றிக்கொள்வேன். ஆசாரத்தை எங்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்படி அவள் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தேன் வழிந்து ஓவனின் அடித்தட்டில் தீய்ந்துவிட்டது. புகை கட்டடம் முழுவதும் பரவியது. மேல்மாடி சுப்பராமன் வந்து மணியடித்தார்.

"என்ன ஓய் இது, நாத்தம் குடலைப் பிடுங்கறது! உம்மாத்துலேர்ந்தா வரது?"

"எனக்கு ஜலதோஷம், ஒண்ணும் தெரியல," என்றேன். "கீழ புதுசா வந்திருக்காளே..."

நான் சொன்னது அவ்வளவுதான். வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை. முடித்தவர் சுப்பராமன்.

கீழே, முதல் மாடியில், மெஹபூப் அலியும் ஜமீலுன்னிசாவும். அவன் பிசியோதெரபிஸ்ட். என் தோள்பட்டை பிடித்துக்கொண்டபோது தினமும் காலையில் வந்து நீவி, கையைத் தூக்க வைத்தவன் அவன்தான். அவள் கர்ப்பிணி. வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்துத்தான் குடி வந்தார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியும் வந்தார்கள்.

மறுநாள் நான் தூக்கிப்போட்ட எலும்பைப் பூனை இழுத்து வந்து கார் நிறுத்துமிடத்தில் போட்டுவிட்டது. அதைச் சுற்றியே கூட்டம் நடந்தது. செயலாளர் என்ற முறையில் நான் தலைமை வகித்தேன். மெஹபூப் அலி குனிந்து அதைப் பார்த்தான்.

"சார், இது பன்னி எலும்பு. எங்களுக்கு இது ஹராம். எங்க வீட்டுக்குள்ள இது எப்படி சார் வரும்? நீங்களே சொல்லுங்க."

என்னைப் பார்த்துத்தான் கேட்டான். ஒரு கணம் எல்லோரும் யோசித்தார்கள். யோசனை நீண்டால் நல்லதல்ல என்று எனக்குத் தோன்றியது.

"எலும்பில் சாதி, மதம் பார்க்கும் குறுகிய புத்தி இங்கே யாருக்கும் கிடையாது," என்றேன். "எங்களுக்கு எல்லா எலும்பும் ஒன்றுதான்."

கைதட்டினார்கள். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவானது.

அவர்கள் கிளம்பிய அன்று, சாமான் ஏற்றி இறக்க லிஃப்ட் கூடாது என்ற விதிப்படி அதை நிறுத்தி வைத்தேன். விதி எல்லோருக்கும் பொது. அவன் வண்டியில் கட்டிலை ஏற்றிக்கொண்டிருந்தான். ஜமீலுன்னிசா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்து என்னெதிரே நின்று மூச்சு வாங்கினாள்.

"அங்கிள், உங்க கிச்சன் புகை அன்னைக்கு எங்க பாத்ரூம் ஜன்னல் வழியாத்தான் வந்துச்சு. நான் எட்டி மேல பார்த்தேன். நீங்க கருகின தட்ட வெளியில நீட்டி ஊதிட்டு இருந்தீங்க."

கையிலிருந்த லிஃப்ட் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"அவர்கிட்டகூட சொல்லல. சொன்னா ஆன்ட்டி எப்படி அங்கிள் வெளியில தலை காட்டுவாங்க? நல்லா பாடுவாங்க. பாவம்."

வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவரை மனதில் ஏதோ லேசாக உறுத்திக்கொண்டிருந்தது உண்மை. அவள் அப்படிச் சொன்ன பிறகு அதுவும் போய்விட்டது. எல்லாம் தெரிந்தும், ஒரு கூட்டத்தையே நடத்தவிட்டு, கட்டிய புருஷனிடம்கூட மூச்சுவிடாமல் இருந்திருக்கிறாள். இப்படி உண்மையை மறைப்பவர்களை நாலு குடும்பம் கௌரவமாக வாழும் இடத்தில் எப்படி வைத்துக்கொள்வது, நீங்களே சொல்லுங்கள்.