வெளியேறும் பொத்தானைத் தேடிய முதலாளி

விழாவின் தலைமையை விரும்பி ஏற்று, கையில் மணியும் கண்ணில் கனிவுமாக வீற்றிருக்கும் சங்கத் தலைவர் நாம் ஹோசுக் அவர்களே! சட்டத்தின் சந்துபொந்துகளையெல்லாம் சலிக்காமல் சுற்றிவந்து, தலை நரைத்தும் தளராத மூத்த வழக்கறிஞர் பெருமக்களே! தேஜொன் நகரத்துத் தொழில் வளர்க்கும் தோழர்களே! பூண்டு மணக்கும் கைகளைக் கழுவிவிட்டுச் சமையற்கூடத்திலிருந்து நேராக வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் எங்கள் நிறுவனத்துத் தாய்மார்களே! விருந்து எப்போது என்று எட்டியெட்டிப் பார்க்கும் பின்வரிசை இளம் வழக்கறிஞர்களே! உங்கள் அனைவருக்கும் தக் யூரி என்னும் இந்த எளியவளின் தலைதாழ்ந்த வணக்கம்!

'இன்றைய தொழில் நிறுவனங்களும் அவற்றின் வழக்கறிஞர்களும் எதிர்கொள்ளும் சட்டச் சிக்கல்கள்.' இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. படித்து முடிப்பதற்குள்ளேயே தந்த நேரத்தில் கால்வாசி போய்விட்டது!

எந்தச் சிக்கல் இல்லை நமக்கு? பொட்டலத்தின் மேல் எழுதும் எழுத்துக்கு ஒரு சட்டம். பொட்டலத்தையே சுருக்கச் சொல்லி இன்னொரு சட்டம். வாடிக்கையாளரின் வயதைக் கேட்டால் ஒரு குற்றம். கேட்காமல் விற்றால் மற்றொரு குற்றம். காலையில் சட்டம் வருகிறது. கஞ்சி ஆறுவதற்குள் திருத்தம் வருகிறது. திருத்தம் புரிவதற்குள் விளக்கம் வருகிறது. விளக்கத்தை விளக்கச் சொல்லி முதலாளி வருகிறார்!

அங்கே மூன்றாம் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ஐயா, உங்கள் முதலாளியும் வருகிறாரா? வருவார், வருவார்!

அத்தனை சட்டங்களையும் அலச எனக்கு ஆயுள் போதாது. ஆகவே ஒரே ஒரு விதியைச் சொல்கிறேன். அந்த விதியிடம் எங்கள் முதலாளி பட்ட பாட்டைச் சொல்கிறேன். அவரும் இங்கேதான் இருக்கிறார்; அனுமதி வாங்கிவிட்டேன், எழுத்து மூலமாக!

எங்கள் முதலாளி கூக் ஜேமான். ஒற்றை அடுப்பில் தொடங்கி, இன்று அறுபதாயிரம் வீடுகளுக்கு வாரந்தோறும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்களைப் பெட்டியில் அனுப்புகிறவர். நெத்திலி வறுவல், காரத்தில் ஊறிய முள்ளங்கிக் கிம்ச்சி, சோயாவில் சுண்டவைத்த தாமரைக் கிழங்கு! சந்தாவில் சேர்வது சுலபம். கைபேசியில் ஒரு தட்டு, கதவருகே பெட்டி.

சென்ற வசந்தத்தில் விதி வந்தது. எவ்வளவு எளிதாகச் சேர முடிகிறதோ, அவ்வளவு எளிதாக விலகவும் முடியவேண்டும். 'எங்களிடம் அப்படித்தான் இருக்கிறது' என்று நிறுவனமும் அதன் வழக்கறிஞரும் கையெழுத்திட்டுப் பத்து நாளில் வணிக ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். தவறினால் புதிய சந்தா சேர்க்கத் தடை. பொய்யென்று தெரிந்தால் வழக்கறிஞரின் உரிமத்துக்கே ஆபத்து.

முதலாளி அந்தத் தாளை, நிறுவனத்தின் வழக்கறிஞரான என் முன் தள்ளினார்.

“போடுங்க வக்கீலம்மா. நம்மகிட்டதான் பட்டன் இருக்கே.”

“எங்க இருக்கு முதலாளி?”

“இருக்கு... எங்கயோ இருக்கு.”

“எங்கயோ இருக்குறதுக்கு நான் எங்கயோதான் கையெழுத்துப் போட முடியும்.”

அவர் முகம் சிவந்தது. “ஊர்ல வேற வக்கீலே இல்லன்னு நெனச்சீங்களா?”

நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், பெருமக்களே, எனக்குப் பயமாக இருந்தது. சியோலில் பெரிய சட்ட நிறுவனத்தை விட்டுவிட்டு, இதுதான் என் இடம் என்று வந்து இரண்டே ஆண்டுதான் ஆகியிருந்தது. ஒரு கையெழுத்துக்காக வேலையை இழப்பதா? வேலைக்காகக் கையெழுத்தை இழப்பதா? யோசித்துச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வாய் முந்திக்கொண்டது. வக்கீலின் வாய் அல்லவா!

“ஒரு பந்தயம் முதலாளி. நாளைக்குக் காலைல இயக்குநர் கூட்டத்துல, எல்லார் முன்னாடியும் உங்க சொந்தச் சந்தாவிலிருந்து நீங்களே விலகிக் காட்டுங்க. விலகிட்டீங்கன்னா அந்த நிமிஷமே கையெழுத்துப் போடுறேன்.”

“ப்பூ! இவ்ளோதானா?” என்றார் அவர்.

மறுநாள் காலை பத்து மணி. இயக்குநர்கள் ஆறு பேர், நான், நடுவே கைபேசியோடு முதலாளி. முதல் திரையில் அழுகின்ற சோற்றுக்கிண்ணம் ஒன்று. 'உண்மையாகவே எங்களைப் பிரிகிறீர்களா?' என்று கேட்டது. பிரிகிறேன் என்று தட்டினார். இரண்டாம் திரையில் காரணங்கள் இருபத்தேழு. மூன்றாம் திரையில் இரண்டு பொத்தான்கள். 'இருக்கிறேன்' என்பது சிவப்பில், செங்கல் அளவு! 'போகிறேன்' என்பது சாம்பலில், எள் அளவு! எங்கள் முதலாளியின் விரல் எப்படிப்பட்ட விரல்? நாற்பது ஆண்டுகள் கிம்ச்சிக்காக முட்டைக்கோசு பிழிந்த விரல்! அது எள்ளைத் தொடுமா? செங்கலைத்தான் தொட்டது. 'மீண்டும் வருக' என்றது கைபேசி. சோற்றுக்கிண்ணம் சிரித்தது!

மறுபடி தட்டினார், மறுபடி சிரித்தது. நான்காம் முயற்சியில் ஒரு தொலைபேசி எண் கிடைத்தது. அழைத்தார். பாட்டு பாடியது. உங்களுக்கு முன்னே பதினேழு பேர் என்றது.

கடைசியில் ஒரு குரல். எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து, விலக வருகிறவர்களை விடாமல் பிடித்துவைக்கும் பியோ மால்சுன் அக்காவின் தேன்குரல்!

“அன்பான வாடிக்கையாளரே, உங்கள நேசிக்கிறோம்! என்ன உதவி வேணும் ஐயா?”

“சந்தாவ நிறுத்தணும்,” என்றார் முதலாளி, குரலை மாற்றிக்கொண்டு.

“ஐயையோ! சாப்பாடு புடிக்கலையா?”

“சாப்பாட்டுக்கு என்னம்மா கொற? முதல் தரமான சாப்பாடு!” என்று கத்திவிட்டார்.

“அப்புறம் ஏன்யா போறீங்க?”

முதலாளி விழித்தார். இயக்குநர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். “வ... வயித்து வலி.”

“அடப் பாவமே! காரமே இல்லாத பூசணிக் கஞ்சிப் பெட்டி இருக்குய்யா. வயித்துக்குப் பஞ்சு மாதிரி. முதல் மாசம் பாதி விலை.”

“பாதி விலையா? யாரு குடுக்கச் சொன்னது?”

“எங்க முதலாளிதான்யா. தங்கமான மனுஷன்.”

அந்த ஒரு சொல்லில் மனிதர் உருகிவிட்டார். “அப்படியா சொல்ற? சரி... ஒண்ணு அனுப்பும்மா.”

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இப்ப நான் விலகிட்டேனா?”

“இல்ல முதலாளி. இப்ப ரெண்டு பெட்டி வாங்குறீங்க.”

சிரித்தோம், பெருமக்களே! நிதி இயக்குநர் நாற்காலியிலிருந்து நழுவியே விட்டார். சிரிக்காதவர் முதலாளி ஒருவர்தான். “அந்தம்மாவக் கூப்பிடுங்க,” என்றார்.

மால்சுன் அக்கா வேலை போய்விட்டது என்றே எண்ணி, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே வந்தார். முதலாளி வாய் திறந்ததும் குரலைக் கண்டுகொண்டார். “ஐயோ, வயித்துவலி ஐயா!”

மறுபடி சிரிப்பு. முதலாளி கையை உயர்த்தி அடக்கினார். “தப்பு உன் மேல இல்லம்மா. போகணும்னு வர்றவங்க எல்லாரையும் இப்படித்தான் புடிச்சு வைக்கிறியா?”

அக்கா தரையைப் பார்த்தார். “எழுதிக் குடுத்தத வாசிக்கிறேன் முதலாளி. போன மாசம் ஒரு அம்மா கூப்பிட்டாங்க. வீட்டுக்காரர் தவறிட்டாராம். ரெண்டு பேர் பெட்டி செவ்வாய்க்கெழம செவ்வாய்க்கெழம வருது, பாக்க முடியல, நிறுத்துங்கன்னாங்க. நான் தள்ளுபடிச் சீட்டப் பத்தி வாசிச்சேன். அவங்க பாதியிலயே வச்சிட்டாங்க. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.”



“அவங்களுக்கு இன்னும் பெட்டி போகுதா?” என்று கேட்டார் முதலாளி.

“நேத்திக்கும் போச்சு.”

அவர் எழுந்தார். கணினிப் பிரிவை அழைத்தார். “முதல் பக்கத்துலயே விலகுற பட்டன் வைங்க. ஒரே தட்டு. என் கட்டைவிரல் அளவுக்கு இருக்கணும்.”

“முதலாளி, எல்லாரும் ஓடிடுவாங்களே!” என்று அலறினார் நிதி இயக்குநர்.

“ஓட நெனைக்கிறவன இழுத்து உக்கார வச்சு எத்தன நாளைக்குச் சோறு போடுவ?”

எட்டாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் பொத்தான் திறந்தது. பத்து மணிக்குள் நாலாயிரம் பேர் போனார்கள்! போனார்கள், போனார்கள், வாரக்கடைசி வரை போய்க்கொண்டே இருந்தார்கள்! முதல் நாள் மாலையே முதலாளி மாடிப்படியில் அமர்ந்துவிட்டார். நான் அருகே அமர்ந்து, தாளை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் கையெழுத்துப் போட்டதில்லை!

ஆணையத்திலிருந்து அதிகாரி வந்தார். பெயர்கூடச் சொல்லாத கண்டிப்பு. சேர்ந்து பார்த்தார், விலகிப் பார்த்தார். நான்கு நொடி. நம்பாமல் மறுபடி சேர்ந்தார், மறுபடி விலகினார். ஆறாவது முறை அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. “விளையாட்டு மாதிரி இருக்கே,” என்றார்.

பிறகு என்ன ஆயிற்று? போனவர்கள் எல்லோரும் ஓடோடி வந்தார்கள் என்று சொன்னால், நான் வழக்கறிஞர் அல்லேன், விளம்பரக்காரி! ஏழாயிரம் பேர் போனார்கள்; பாதிப்பேர் இன்றும் வரவில்லை. தாய்மார்களே, ஒரு மாதம் இரண்டாம் அடுப்பு வரிசையே எரியவில்லை, உங்களுக்குத் தெரியும். ஆனாலும் உங்களில் ஒருவரையும் வேலையைவிட்டு அனுப்பாமல், செலவைக் குறைக்க விளம்பர நடிகரை அனுப்பினார் முதலாளி! கைதட்டுங்கள், தட்டுங்கள், அவர் தலைகுனிந்து வெட்கப்படுகிறார்!

மால்சுன் அக்கா அந்த அம்மாவை மன்னிப்புக் கேட்க அழைத்தார். சந்தாவை நிறுத்தியாயிற்று என்றார். அந்த அம்மா கேட்டாராம்: “ஒரு ஆளுக்கு மட்டும் சின்னதா பெட்டி இருக்கா?”

இல்லை, பெருமக்களே! தனியாகச் சாப்பிடுவோர் இத்தனை பேர் இருக்கும் இந்த ஊரில், அன்று எங்களிடம் ஒருவருக்கான பெட்டி இல்லை! போகிறவர் பேச்சை நாங்கள் கேட்டிருந்தால் அல்லவா தெரிந்திருக்கும்? இன்று இரண்டாம் அடுப்பு வரிசை முழுவதும் அந்தச் சின்னப் பெட்டிக்காகவே எரிகிறது. வாசித்துக்கொண்டிருந்த அக்கா, இன்று கேட்பதற்காகவே ஒரு பிரிவை நடத்துகிறார்!

என் சக வழக்கறிஞர்களே! சட்டம் நம்மைச் சுற்றும் சுவரா? சங்கிலியா? சாட்டையா? எங்களுக்கு அது, கீழ்மாடியில் ஒரு பெண்ணின் தொண்டையில் சோறு இறங்காததை எங்கள் காதில் போட்ட குரல்! ஆகவே கேட்கிறேன். இனிமேல் யார் எந்தத் தாளை நீட்டினாலும், கையெழுத்திடும் முன் ஒரே ஒருமுறை, வாடிக்கையாளராக நின்று, நீங்களே உங்கள் விரலால் அழுத்திப் பாருங்கள்! அழுத்திப் பார்த்த விரலால் எழுதுங்கள்! அந்த எழுத்து நிற்கும்! அந்த நிறுவனம் நிற்கும்! அந்த வழக்கறிஞர் தலைநிமிர்ந்து நிற்பார்!

தந்த நேரத்தைத் தாண்டிவிட்டேன், தலைவர் தாங்கிக்கொண்டார். அவருக்கும், அவையோருக்கும், அடுப்பையும் எங்களையும் அணையாமல் காக்கும் அன்னையருக்கும் நன்றி! இந்த மண்டபத்துக்கு நான்கு கதவுகள். நான்கும் திறந்தே இருக்கின்றன. இவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன். ஒருவரும் எழுந்து போகவில்லை. அந்த மகிழ்ச்சியோடு அமர்கிறேன். வணக்கம்!