ஆளுக்கொரு ஷூ

– மெதுவா போடீ சந்திரா! ஆளுக்கொரு கால்லதான் ஷூ. நீ ரெண்டு கால்லயும் போட்ட மாதிரி ஓடறியே!

– ஓடல பானு. நின்னா கொசு தூக்கினு போய்டும். இத பாரு, செருப்பு போட்ட கால்ல எத்தினி கடி. ஷூ போட்ட கால்ல ஒண்ணு கூட இல்ல.

– அரே, கொசுவுக்குக் கூட எக்ஸ்போர்ட் சரக்குன்னா பயம்!

– சிரிக்காத. வாய்க்குள்ள பூச்சி பூந்துடும்.

– பூந்து எவ்ளோ நேரமாச்சு. முழுங்கிட்டேன். ருசி ஒண்ணும் மோசமில்ல.

– ச்சீ! உன்னக் கூட்டினு வந்தேன் பாரு.

– யாரு வரச் சொன்னது? ஞாயித்துக்கிழமை, மழை நாளு, உலகமே போத்தினு படுத்திருக்குது. என்ன ஆலங்காயம் பஸ்ஸுல ஏத்தி, இந்தக் காட்டுல இழுத்துனு வர்றே. கொழாயடியில கால நீட்டிருந்தா டெஸ்ட் முடிஞ்சிருக்கும்.

– வெள்ளக்காரன் கொழாயடியிலயா நடந்தான்? மழைல மலை ஏறினேன், உள்ள தண்ணி பூந்துச்சுன்னு எழுதி, ஜோடியத் திருப்பி அனுப்பிட்டான். வியாழக்கெழம சூப்பர்வைசர் ஜியாவுதீன் பாய் இன்னா சொன்னாரு?

– தெரியும்டீ.

– ‘உள்ள குத்தியிருக்கறது முப்பத்தி நாலு. உன் டோக்கன் நம்பரு. திங்கக்கெழமைக்குள்ள பதில் சொல்லு, இல்லன்னா வூட்ல இரு’ன்னாரு. எங்க வூட்டுக்காரரு கூலிய மட்டும் நம்பினா நாலு பேரு சாப்ட முடியுமா?

– அதான் தெரியும்ன்றேனே. பேஜார் பண்ணாத. ஏறு.

– உனக்கு இன்னா திடீர்னு கோவம்?

– கோவம் இல்ல. பத்தாம் நம்பர் ஷூ. என் கால் இதுக்குள்ள குடித்தனம் பண்ணுது. கப்பல்ல போய், கப்பல்ல வந்து, இப்ப மலை ஏறுது. நம்மளவிட ஊரு பாத்த ஷூ!

– லூசா இருக்குதுன்னுதான் பேப்பர் திணிச்சோம். உச்சில எடுத்துப் பாப்போம். பேப்பர் காஞ்சிருந்தா தையல் நல்ல தையல். நனைஞ்சிருந்தா என் கத முடிஞ்சுது.

– சந்திரா, இங்கியே உக்காந்துக்கலாமா? இதுவே உச்சி மாதிரிதான் கீது.

– இது பாதி கூட இல்ல.

– கால் வலிக்குதுடீ.

– எந்தக் கால்?

– செருப்புக் கால்.

– அப்போ ஷூக் கால்ல நொண்டி வா. ஏய், அது இன்னா சத்தம்? சளக் சளக்குன்னு?

– தவள.

– உன் கால்லேர்ந்து வருது.

– என் கால்கிட்ட தவள.

– மலை மேல, உன் கூடவே நடந்து வர்ற தவள?

– அதுக்கும் தோஸ்த் வேணாமா? அய்யோ! கழுத்துல! சந்திரா, கழுத்துல!

– ஆடாத! முசுறு எறும்பு. கெளைய ஏன் புடிச்சே? குனி. முதுகுல இன்னும் ரெண்டு கீது.

– அடிக்கிறியா, எறும்பத் தட்றியா?

– ரெண்டுந்தான். ஆறு வருஷம் பக்கத்து மிஷின்ல உக்காந்துனு என் காதத் தின்னதுக்கு.

– அல்லா, மழை வேற ஜாஸ்தியாவுது. எனக்கு உன் முதுகே தெரியல.

– என் முந்தானையப் புடிச்சுக்கோ. கீழ பாக்காத. இன்னும் கொஞ்சம். பாறை வழுக்கும், ஷூக் கால முன்னாடி வை. வை. அவ்ளோதான்... பானு! கண்ணத் தொற!

– வந்துட்டமா?

– வந்துட்டோம். அதோ, மேகம் கிழிஞ்சிருக்குது பாரு. அந்தப் பொகக் கொழாய் பக்கத்துல, நீளமா ஓட்டுக் கூரை.

– நம்ம கம்பெனி! அடி, தீப்பெட்டி மாதிரி கீதே! இதுக்குள்ளயா இத்தினி பேரு மூச்சு வுட்டுனு கீறோம்?

– மூணாவது ஜன்னல்தான் நம்மளுது.

– ஹலீமா பீ! ஓ மாமியாரே! உங்க மருமவ எங்க நிக்கிறா பாருங்க!

– கத்து, கத்து. இங்க யாரும் கேக்க மாட்டாங்க.

– ஈசல் பாருடீ! மழை நின்னதும் பாறை மேல கூட்டமா! ஒண்ணு உன் தலைல, பூ வெச்ச மாதிரி.

– இருக்கட்டும். உக்காரு. ஷூவக் கழட்டு. மொதல்ல என்னுது... இத பாரு. ‘தீபாவளித் தள்ளுபடி, ஜவுளி வகைகள்.’ ஒரு எழுத்து கூட நனையல. உன்னுத எடு.

– நான் கழட்ட மாட்டேன்.

– கழட்டு பானு.

– ...கூழாய்டுச்சு.

– ம்.

– சந்திரா. அந்த வலது கால் நான் தெச்சது.

– ம்.

– அன்னிக்கி எடது காலெல்லாம் நீ முடிச்சுட்டே. மதியம், புள்ளைக்கு ஜுரம்னு ஓடினே. வலது பன்னெண்டு பாக்கி. கணக்கு கம்மியானா உன்னத் திட்டுவாங்கன்னு உன் டோக்கன்லயே நான் தெச்சேன். சங்கு ஊதற நேரம். ஷூ நாக்கு ஓரத்துல தண்ணி பூராம இருக்க தடவற சொல்யூஷன் தடவாமயே தையல ஓட்டிட்டேன். நாளைக்கு நானே பாய்கிட்ட சொல்லிடறேன்.

– ஏன் மொதல்லயே சொல்லல?

– வேலை போனாப் போவுது. நீ எங்கிட்ட பேசாம பூட்டா நான் இன்னாடீ பண்ணுவேன்?

– அழாத. எனக்குத் தெரியும்.

– இன்னா தெரியும்?

– நீ தெச்சதுன்னு. பெட்டியத் தொறந்தப்பவே தெரியும். நான் நூல் முனைய நெருப்புல சுடுவேன். நீ முடிச்சு போடுவே. அதுவும் ரெண்டு முடிச்சு.

– அப்போ மீதி பதினொண்ணு?

– சாம்பிளுக்கு ஒண்ணுதானே போச்சு, மீதி இன்னும் சோல் ஒட்டாம குடோன்ல கெடந்துச்சு. நேத்து நீ போனப்புறம் பிரிச்சு, சொல்யூஷன் தடவி, தெச்சு பாய்கிட்ட குடுத்துட்டேன். வேலை போவல. ஒரு மாசம் மிஷின்ல உக்காரக்கூடாதாம். நூல் கத்திரிக்கணுமாம்.

– நான்தான்னு சொன்னியா?

– டோக்கன் என்னுதுதானே.

– அரே பாவி! நேத்தே முடிஞ்ச விஷயத்துக்கு என்ன ஏன்டீ கொசுவுக்கும் எறும்புக்கும் குடுத்தே? வழியெல்லாம் செத்துச் செத்து வந்தேனே!

– ஆறு வருஷமா அந்த ஜன்னல்ல இந்த மலையப் பாத்துப் பாத்து, ‘ஒரு நாளு அங்க போய் நிக்கணும்’னு யாரு சொன்னது? சினிமாவுக்கே வுடாதவங்க சும்மா மலைக்கு வுடுவாங்களா? கம்பெனி டெஸ்ட்டுன்னேன். உன் மாமியாரு சோறு கட்டிக் குடுத்து அனுப்பினாங்க.

– தவளன்னு சொன்னேனே. அப்பவும் பேசாம வந்தியே!

– சிரிப்ப அடக்க முடியாமத்தான் வேகமா நடந்தேன்.

– இரு, இந்த ஈர ஷூவாலயே உன்ன அடிக்கிறேன்!

– அடிச்சுட்டு சோத்தப் பிரி. பசிக்குது. இதெல்லாம் ஒரு நாளு எழுதி வெக்கறேன் பாரு. ஆளுக்கொரு ஷூ போட்டுனு மலை ஏறின கத.

– எழுது. எட்டாவது படிச்சவ நீதானே. மலை, மழை, பூச்சி, என் மாமியாரக் கூப்ட்டது, எல்லாம் எழுது. ஆனா என் தையல் ஒழுகினத மட்டும் நான் உசுரோட இருக்கற வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாத. கைல அடிச்சு சொல்லு.

– இந்தா, அடிச்சுட்டேன். நீ இருக்கற வரைக்கும் சொல்ல மாட்டேன்.