நாற்பத்தோராம் பக்கம்

என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளியில் அதற்குப் பரிசு வாங்கியிருக்கிறேன். அலுவலகத்தில் யாராவது ஓய்வு பெற்றால் பிரிவுபசார மடல் எழுத இன்றும் என்னைத்தான் தேடி வருவார்கள். கணினியில் வேண்டாம், வாக்குமூலத்தைக் கையாலேயே எழுதிக் கொடுங்கள் என்று காவல் நிலையத்தில் நீங்கள் தாளை நீட்டியபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அரசு ஆய்வகத்தில் தொழில்நுட்பப் பரிமாற்றப் பிரிவுக்கு நான் தலைவன். எங்கள் விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பதைத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைத்து, நாலு பேருக்குப் பயன்படும் பொருளாக்குவது என் வேலை. பதினாறு வருடத்தில் எத்தனை ஒப்படைத்தேன் என்று கேட்டால் பதில் சுருக்கமானது: ஒன்றுகூட இல்லை. தேயாத பூச்சு, உடையாத ஓடு, எடையே தெரியாத தகடு, எல்லாம் வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பெயர்ச்சீட்டோடு உட்கார்ந்திருந்தன. பார்க்க வருகிறவர்கள் அருமை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். என் மனைவியின் தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம், "என்ன மாமா, உங்க மியூசியம் எப்படி இருக்கு?" என்பான். நானும் சிரிப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் இந்தக் கம்பி வந்தது. மின்சாரம் பாய்ந்தால் சூடாகிச் சுருங்கும், ஆறினால் நீளும் ஓர் உலோகக் கலவை. மோட்டார் இல்லை, பல்சக்கரம் இல்லை, சத்தம் இல்லை. பத்துக் கம்பி சேர்ந்தால் ஒரு தாழ்ப்பாளையே இழுத்துத் திறந்துவிடும். பள்ளிப் பேருந்துகளின் பின்பக்க அவசரக் கதவுக்கு அதைக் கேட்டு ஒரு கம்பெனி வந்தது. ஓட்டுநர் பொத்தானை அமுக்கினால் கதவு திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

சோதனைக்கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளராக ஒரு பெண் இருந்தார். காலையில் வந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், எல்லாக் கம்பிகளுக்கும் ஒரு தடவை மின்சாரம் விடுவார். "எழுப்பி விடுறேன் சார், இல்லன்னா முதல் தடவ முரண்டு பிடிக்கும்" என்பார். அதனால் அவருக்கு அலாரம் என்று பெயர். நெடுநாள் சும்மா கிடந்த கம்பி முதல் தடவை பாதிதான் சுருங்கும். இரண்டாம் தடவையிலிருந்து சொன்ன பேச்சைக் கேட்கும். விஞ்ஞானிகள் வந்து சேர்வதற்குள் அவர் எல்லாவற்றையும் எழுப்பி வைத்திருப்பார். ஆகவே அவர்களுடைய அறிக்கைகளில் ஒரு தோல்விகூடக் கிடையாது. மேசையைத் துடைப்பதுபோல அதுவும் ஒரு காலை வேலை என்று எல்லோரும் நினைத்தார்கள். யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒப்படைப்புக் கோப்பு தயாரானபோது அலாரம் என் அறைக்கு வந்தார்.

"சார், பஸ்ல இது மாசக்கணக்கா சும்மா கிடக்குமே. அங்க யாரு எழுப்புவா?"

எழுதிக் கொடுங்கள் என்றேன். வாரம் ஒருமுறை பொத்தானை அமுக்கிக் கதவைத் திறந்து மூட வேண்டும் என்று, காரணத்தோடு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். கோப்பில் ஏற்கனவே நாற்பது பக்கங்கள். இது நாற்பத்தொன்று.

கம்பெனி மேலாளரிடம் அதைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"பராமரிப்பே வேண்டாம்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு சார். இந்தப் பக்கம் உள்ள இருந்தா நாங்க பழைய மோட்டாருக்கே போயிடுறோம்."

ஒப்படைப்பு விழாவுக்கு நாலு நாள் இருந்தது. பக்கத்தை உருவி எடுத்தேன். கிழிக்கவில்லை. என் மேசை டிராயரில் வைத்தேன், இன்னும் அங்கேயே இருக்கிறது. நான் எதையும் அழிக்கிறவன் இல்லை. அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தக் கதவால் யாருக்கும் ஆபத்து வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விழா நன்றாக நடந்தது. மைத்துனன் வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். கூட்டம் கலையும்போது அலாரம் ஓரமாக நின்று, "அந்தப் பக்கம் சேந்துடுச்சா சார்?" என்று கேட்டார்.

"சேந்துடுச்சும்மா. கவலைய விடுங்க."

"அப்போ நிம்மதி சார். என் பொண்ணும் அந்த பஸ்லதான் போவா."

நல்லது என்றேன்.

ஏழு மாதம் கழித்து நடந்தது உங்களுக்குத் தெரியும். எஞ்சினிலிருந்து பேருந்துக்குள் புகை பரவியது. ஓட்டுநர் பொத்தானை ஒரு தடவை அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது. மின்சாரம் பாய்ந்தாலே அந்த விளக்கு எரியும், கதவு திறந்ததா என்று அதற்குத் தெரியாது. பின்கதவு திறந்துவிட்டது என்று நம்பி, அவர் முன்பக்கத்துப் பிள்ளைகளை இறக்கினார். பின்னால் ஐந்து குழந்தைகள் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தடவை அமுக்கியிருந்தால் திறந்திருக்கும். ஐவரில் ஒருத்தி அலாரத்தின் மகள்.

விசாரணைக் குழுவிடம் நான் பொய் எதுவும் சொல்லவில்லை. உதவியாளர் தினமும் விஞ்ஞானிகள் வருமுன் கம்பிகளுக்கு மின்சாரம் விட்டுவந்தார், அதனால்தான் சோதனைகள் வெற்றியாகத் தெரிந்தன என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பக்கம் எழுதிக் கொடுத்தேன் என்று அவர் சொன்னார். எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் புரட்டி, நாற்பது பக்கம்தான் இருக்கிறது என்றேன். மகளைப் பறிகொடுத்தவருக்கு வாதாட ஏது தெம்பு? இப்போது உங்கள் காவலில் இருக்கிறார். ஜாமீன்கூடக் கேட்கவில்லை என்று கேள்விப்பட்டேன். பாவம்.

ஒருவர் மேல் பழி விழுந்தால் வழக்கு முடியும். ஆய்வகத்தின் மேல் விழுந்தால் இனி எந்தக் கம்பெனியும் எங்கள் வாசலை மிதிக்காது. பதினாறு வருட உழைப்பு மறுபடி கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் இதைத்தான் யோசித்திருப்பீர்கள்.

நேற்று நீங்கள் பள்ளியிலிருந்து கொண்டுவந்து என் முன்னால் வைத்த கடிதத்துக்கு வருகிறேன். அது என் கையெழுத்துதான், மறுப்பதற்கில்லை. அலாரத்தின் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. என் மகளுக்குப் பேருந்துப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை, தலை சுற்றுகிறது, இனி நானே காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்று தலைமை ஆசிரியருக்கு எழுதியிருக்கிறேன். தேதியையும் நீங்கள் சுட்டிக்காட்டினீர்கள். புதுக் கதவு போட்ட பேருந்துகள் ஓடத் தொடங்கியதற்கு முந்தின நாள். அதற்கு முன் மூன்று வருடம் அவள் பேருந்தில் ஜன்னலோரம் பாடிக்கொண்டு போனவள். ஒருநாளும் தலை சுற்றியதில்லை.

முதல் நாள் காரில் போகும்போது, "பின் சீட்டு காலியாத்தானப்பா இருக்கு, அவளையும் கூட்டிட்டுப் போலாமா?" என்று கேட்டாள். அவங்க வீடு வேற வழி என்றேன். வேறு வழி இல்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு.

கடிதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். மற்றபடி, அந்தக் கதவில் ஆபத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.