இரண்டு விரல் இடைவெளி

எங்கள் பட்டறையில் மணல் மூட்டைகளுக்கும் சீட் பெல்ட் போடுவோம். புதிதாக வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். போடாவிட்டால் வளைவில் மூட்டை சரியும், சீட் முழுக்க மணலாகும், வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான் காரணம்.

நடந்ததை வரிசையாக எழுதச் சொன்னீர்கள். நீங்கள் கொடுத்த தாளில் கோடுகள் இல்லை, அதனால் முதலில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், சார்.

கார்களைத் தாழ்த்துவது என் வேலை. ஜீப்பின் உயரமும் காரின் ஓட்டமும் சேர்ந்த குடும்ப வண்டிகள் இருக்கின்றன அல்லவா, கிராஸ்ஓவர் என்பார்கள். அதை வாங்கிய சிலருக்கு ஆறு மாதத்தில் அந்த உயரமே உறுத்தத் தொடங்கிவிடும். சக்கரத்துக்கும் மேல் வளைவுக்கும் நடுவே நாலு விரல் நுழைகிறது, ரெண்டு விரலாக்கிக் கொடுங்கள் என்று வருவார்கள். பழைய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் குட்டையான ஸ்பிரிங் போட்டுக் கொடுப்போம்.

எங்கள் முதலாளிக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம். தேநீர்க் கோப்பையைக்கூட மேசை சமமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வைப்பார். அழகு, பிடிப்பு, சொகுசு இந்த மூன்றில் இரண்டுதான் கொடுக்க முடியும் என்பது அவர் கணக்கு. "மூணும் வேணும்னு கேக்கறவனுக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுத்துக் குடுத்து அனுப்பு" என்பார்.

தாழ்வாகவும் கடினமாகவும் போட்டால் வண்டி சாலையைப் பிடித்துக்கொண்டு போகும், ஆனால் ஒவ்வொரு குழியும் முதுகில் தெரியும். தாழ்வாகவும் மென்மையாகவும் போட்டால் மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் ஆள் ஏற ஏற வண்டி அமுங்கி, கடைசியில் அடியில் இருக்கும் தடுப்பு ரப்பரில் போய் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு ஸ்பிரிங் இருந்தும் இல்லாததுதான். ஆகவே எந்த வண்டி வந்தாலும் 'வழக்கமாக எத்தனை பேர்' என்று கேட்டு வேலை அட்டையில் எழுதுவோம். அத்தனை மூட்டைகளை, அந்த ஆட்களின் எடைக்குக் கட்டி, சீட்டில் உட்கார வைத்து அளப்போம், ஓட்டிப் பார்ப்போம். இது ரசமட்டத்தின் சட்டம்.

மாலையில் வாகனப் பொறியியல் வகுப்புக்குப் போகிறேன். தினமும் அளந்ததையும், சந்தேகப்பட்டதையும், திருத்தியதையும் டைரியில் எழுத வேண்டும் என்று ஆசிரியர் முதல் நாளே சொன்னார். மற்றவர்கள் ஒரு வாரம் எழுதினார்கள். நான் மூன்று வருடமாக எழுதுகிறேன். சந்தேகம் எனக்குப் புதிதல்ல. நட்டை முறுக்கிவிட்டேனா, அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன். சில நாள் மூன்று முறை. மூன்றாம் முறை அம்மா ஜன்னலிலிருந்து, "நான் பாத்துட்டேன்டா, போ" என்பாள். அதன் பிறகுதான் என் கால் நகரும்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அது சின்ன விஷயம் இல்லை. அம்மா தையல் கடையில் துணி வெட்டுபவள். ஒரு முறை அளந்தால் போதும், கத்தரியை வைத்துவிடுவாள். நிச்சயம் என்பது எங்கள் வீட்டில் அவளிடம் மட்டுமே இருந்தது. நான் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன்.

அக்காவுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அத்தானுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் கூடப் போவதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் முடிவானது. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "அவன் பள்ளிக்கூடம் போற வரைக்கும்" என்று அத்தான் சிரித்தார். அப்படியானால் நான் எப்படி வேலைக்குக் கிளம்புவது என்று கேட்டதற்கு, "கதவப் பூட்டினதும் போட்டோ எடுத்து வச்சுக்கடா மச்சான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தான் நல்ல மனிதர், அதை நான் எங்கும் மறைக்கவில்லை. அம்மா தையல் மெஷினையும் எடுத்துக்கொள்கிறாள் என்று தெரிந்தபோதுதான் திரும்பி வரமாட்டாள் என்பது புரிந்தது.

அடுத்த வாரம் அத்தான் தன் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். புது ஊரில் புது ஆபீசில் போய் இறங்கும்போது வண்டி எடுப்பாக இருக்க வேண்டும், ரெண்டு விரலாக்கு, ஆனால் உங்கக்கா திட்டாத மாதிரி சொகுசாவும் இருக்கணும் என்றார். அட்டையை நான்தான் நிரப்பினேன். வழக்கமாக எத்தனை பேர் என்று கேட்டேன். ஆபீசுக்கு நான் மட்டும்தானே போறேன் என்றார். ஒன்று என்று எழுதினேன். அவர் சொன்னதைத்தான் எழுதினேன். மென்மையான ஸ்பிரிங், நாற்பத்தைந்து மில்லிமீட்டர் இறக்கம்.

ரசமட்டம் அட்டையைப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா வீட்டு வண்டிதானே? குடும்பம் ஏறாதா?" என்று கேட்டார். அத்தான் மட்டும்தான் ஓட்டுவார் என்று பதில் சொன்னேன். ஓட்டுவது அவர் மட்டும்தான். அதிலும் பொய் கிடையாது.

என் எண்ணம் இதுதான். ஒருவர் ஏறினால் வண்டி பஞ்சு மாதிரி போகும். மூன்று பேரும் சாமான்களும் ஏறினால் பின்பக்கம் ரப்பரில் உட்கார்ந்து குழிக்குக் குழி இடிக்கும். அம்மாவுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி. பத்து கிலோமீட்டர் தாண்டுவதற்குள், என்னால் முடியாது, என்னை வீட்டில் விட்டுவிடுங்கள் என்பாள். திரும்பி வருவார்கள். நான் விரும்பியது அவர்கள் திரும்பி வர வேண்டும் என்பதை மட்டும்தான். அழகையும் பிடிப்பையும் நான் தொடவில்லை, சொகுசில்தான் கைவைத்தேன் என்று அந்த வாரம் டைரியில் எழுதியிருக்கிறேன். டைரியை உங்களிடம் கொடுத்திருக்கிறேன், படித்திருப்பீர்கள்.

புதன்கிழமை வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்டேன். வளைவில் திரும்பும்போது பின்பக்கம் மட்டும் ரப்பரில் முட்டினால் என்ன ஆகும்? ஆசிரியருக்குக் கேள்வி பிடித்திருந்தது. கரும்பலகையில் வண்டி வரைந்து காட்டினார். முன் சக்கரம் சாலையைப் பிடித்திருக்கும், பின் சக்கரம் திடீரென்று கல்லாகிவிடும், பிடி நழுவும். "வண்டியோட பின்பக்கம் ஒன்ன முந்திப் போகப் பாக்கும்" என்றார். வகுப்பு சிரித்தது. அந்தப் படத்தையும் டைரியில் வரைந்து வைத்திருக்கிறேன். எதையும் பாதி புரிந்துகொண்டு விடுவது எனக்குப் பிடிக்காது.

கிளம்பும் நாளில் காலை முதல் தூறிக்கொண்டிருந்தது. தையல் மெஷினை நானே தூக்கி டிக்கியில் வைத்தேன், இருபத்தெட்டு கிலோ. வண்டி இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. பின் சக்கரத்துக்கு மேலே இப்போது ஒரு விரல்கூட நுழையவில்லை. "பாத்தியா, தரையோட ஒட்டிக்கிட்டு எப்படி நிக்குது" என்று அத்தான் என் தோளைத் தட்டினார். அவர் பெல்ட் போடுவதில்லை. எச்சரிக்கைச் சத்தம் கேட்காமலிருக்க, பெல்ட் மாட்டும் இடத்தில் ஒரு போலிக் கொக்கியைச் செருகி வைத்திருந்தார். வேலை செய்த நாட்களில் அதைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் பொருளை நாங்கள் கழற்றுவதில்லை. அக்கா முன் சீட்டில் உட்கார்ந்தாள். வயிற்றை அழுத்துகிறது என்று அவளும் போடவில்லை. அம்மா பின்னால். அம்மாவின் பக்கத்து ஜன்னலை இறக்கச் சொல்லி, "பெல்ட் போட்டுக்கம்மா" என்றேன். பின் சீட்டுக்கு எதுக்குடா என்றாள். நானே உள்ளே கைவிட்டு மாட்டினேன்.

அணைக்கட்டு வளைவில் விபத்து நடந்த இடத்தை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள். ஈரச் சாலை, அதிக வேகம் என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அதில் தவறு எதுவும் இல்லை. அத்தான் அந்த வளைவை எப்போதும் வேகமாகத்தான் எடுப்பார். இரண்டு முறை அவருடன் போயிருக்கிறேன், வேகத்தைக் குறித்தும் வைத்திருக்கிறேன்.

முன் சீட்டில் இருந்த இருவரும் அங்கேயே போய்விட்டார்கள். அம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்தன. ஆறு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். அவள் அறை அப்படியே இருந்தது. நான் தினமும் துடைத்து வைத்திருந்தேன்.

ஆனால் அம்மா ஜன்னலுக்கு வரவில்லை. தெருமுனையிலிருந்து திரும்பி வந்து, பூட்டியாச்சாம்மா என்று கேட்பேன். கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்ப்பாள், அவ்வளவுதான். ஒரு நாள் ஒன்பது முறை திரும்பினேன், அன்று வேலைக்குப் போகவில்லை. பட்டறையிலும் ஒரு சிரமம். மூட்டைகளை அடுக்கும்போது அவற்றின் முகம் சுவரைப் பார்க்கும்படி வைக்கிறேன். மூட்டைக்கு முகம் ஏது என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

நேற்று மத்தியானம் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். தோள் இன்னும் மேலே எழும்பாது, அதனால் நான்தான் வாரிவிடுகிறேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன மட்டும் ஏன்டா பெல்ட் போடச் சொன்ன?"

பின் சீட்டில் ஆட்டம் அதிகமாக இருக்கும், உனக்கு இடுப்பு வலி, அதனால்தான் என்றேன்.

அம்மா சீப்பை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கதவப் பூட்டினியான்னுகூட ஒனக்கு நிச்சயமாத் தெரியாது. இது மட்டும் எப்படிடா தெரிஞ்சுது?"

அவள் குரல் உயரவில்லை. துணியில் ஒரு பிசிறைக் காட்டுவது மாதிரிதான் கேட்டாள். எழுந்தேன். உங்களிடம் வந்துவிட்டேன்.

டைரியில் அந்த வாரத்துக்கு இரண்டு சோதனை ஓட்டங்கள் இருக்கும். மூன்றாவது ஒன்று உண்டு. அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்திருந்தேன், இதனுடன் இணைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் காலிச் சாலையில், வளைவில் ஒரு டிரம் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓட்டியது. பின் சீட்டில் ஐம்பத்தெட்டு கிலோ மூட்டை ஒன்று, டிக்கியில் இருபத்தெட்டு கிலோ இரும்பு. முன் சீட்டில் அக்காவின் மூட்டை. சாதாரண எடைக்குக் கட்டியிருந்ததை மறுபடி பிரித்து, ஏழு கிலோ மணல் கூடுதலாகப் போட்டேன். அவளுக்கு ஏறியிருந்த எடை அது. அந்த ஏழு கிலோவைத் திரும்பப் பிரித்து எடுத்துவிட்டேன், ஆனால் மணற்குவியலில் கொட்ட முடியவில்லை. ஒரு துணிப்பையில் என் அலமாரியில் இருக்கிறது. நீங்கள் வந்தால் எடுத்துக்கொள்ளலாம். கவனமாகத் தூக்குங்கள், அடியில் தையல் விட்டிருக்கிறது.

அன்று பின் சீட்டு மூட்டைக்கு மட்டும் பெல்ட் போட்டேன். வளைவில் ஆசிரியர் சொன்னபடியே பின்பக்கம் என்னை முந்தப் பார்த்தது. பிரேக்கை முழுக்க அழுத்தினேன். வண்டி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. முன் சீட்டு மூட்டை டேஷ்போர்டில் மோதி வாய் பிளந்து கிடந்தது. பின் சீட்டு மூட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. இறங்கிப் போய் அதன் பெல்ட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். ஒரு முறைதான். அது போதுமானதாக இருந்தது.

பிறகு மணலைத் துடைத்துவிட்டு, வேலை அட்டையில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் திரும்பி வர வேண்டும் என்றுதான் செய்தேன், சார். அம்மா வந்துவிட்டாள்.